போலி நாயகன் கதை பழுதானால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

வீரனை உரித்து வைத்தாற்போல் இன்னொருவன். அவன் அரசனைக் கொல்கிறான், கோயில் நகையைத் தூக்குகிறான், ஊரைக் கெடுக்கிறான். பழி மட்டும் வீரன் தலையில். கிளிநொச்சி, மல்லாவி, முள்ளியவளைப் பக்கத்தில் மாயாஜாலக் கதை எழுதத் தொடங்கும் இளசுகள் அநேகமாக முதலில் கையில் எடுப்பது இதைத்தான். பாடசாலை நாடகப் பிரதியாக வந்தாலும் சரி, கைபேசியில் எழுதும் தொடராக வந்தாலும் சரி, சித்திரக்கதையாக வந்தாலும் சரி, பழுது வருவது அதே இடங்களில்தான். திருத்திக் கொடுத்தே கை பழகிவிட்டதால் அந்த இடங்களை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் கதைக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். செலவில்லாத திருத்தம் முதலில், அத்தியாயத்தையே கிழிக்க வேண்டிய திருத்தம் கடைசியில்.

எதற்கும் முன் கொப்பியில் ஒரு பக்கம் எடுத்து மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். குற்றம் நடந்த நேரம் உண்மையான நாயகன் எங்கே நின்றான், யார் கண்டது? குற்றத்தைக் கண்ட ஆளுக்கு நாயகனை எவ்வளவு காலமாகத் தெரியும்? போலிக்கு ஏன் இந்த முகம்தான் வேண்டும்?

இருவரும் எப்படி ஒரே முகமானார்கள் என்ற கேள்வி இதில் இல்லை. கண்ணாடி மாயம், முனிவர் சாபம், பிறந்தவுடன் பிரிந்த இரட்டையர், எதை வைத்தாலும் வாசிப்பவர் ஏற்றுக்கொள்வார். எழுதுகிறவர்கள் பத்துப் பக்கம் செலவழிப்பது அதில். கதை உடைவது வேறெங்கோ. பழியைத் தாங்கி நிற்பது முகம் அல்ல, அதை நம்பத் தயாராக இருக்கும் ஊர். பழுது பார்க்கும்போது ஊரிலிருந்து தொடங்குங்கள்.

உதாரணத்துக்கு அதிரன் என்று ஒரு வீரனை வைத்துக்கொள்வோம். பெரிய குளம் ஒன்றின் கீழே அவன் ஊர். காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது ஓர் இரவு யாரோ குளக்கட்டை வெட்டிவிடுகிறார்கள். கட்டில் நின்ற காவல்காரன் கண்டது அதிரனின் முகத்தை.

அறிகுறி: கதைக்குள் ஊர் உடனே நம்பிவிடுகிறது, வாசிப்பவர் நம்பவில்லை

அடிக்கடி வரும் பழுது இதுதான். "பத்து வயதிலிருந்து தெரிந்த பெடியனை ஒரே இரவில் எப்படிக் கொலைகாரன் என்பார்கள்?" என்று கேட்டுவிட்டு வாசிப்பவர் கொப்பியை மூடிவிடுவார்.

முதலில் நாயைப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வன்னிக் கிராமத்தில் அந்நியன் ஒருவன் இரவில் ஒழுங்கைக்குள் வந்தால் முதல் படலையிலேயே நாய் குரைக்கும். அதைக் கேட்டு அடுத்த வளவு நாய். அப்படியே குளக்கட்டு வரைக்கும் போகும். மாயத்தால் முகத்தை மாற்றலாம், வாசத்தை மாற்றினானா? உங்கள் போலி அதிரனின் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போனபோது அவனுடைய நாய் என்ன செய்தது? ஒரு வரி எழுதினால் போதும். நாய் குரைத்தது, அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை என்று எழுதினால் பின்னால் சாட்சிக்கும் உதவும். காசு செலவில்லாத திருத்தம்.

அது சரியென்றால் கண்டவரைப் பாருங்கள். கூடிப் பழகியவர்கள் ஒருவரை முகத்தால் மட்டுமா அடையாளம் காண்கிறார்கள்? நடை, இருமல், சைக்கிள் செயின் போடும் சத்தம், மண்வெட்டியை எந்தத் தோளில் வைக்கிறான் என்பது, எல்லாம் சேர்ந்துதான் ஆள். காவல்காரன் அதிரனோடு ஒரே வயலில் நின்றவன் என்றால் அவன் ஏமாறுவது கடினம். கண்ட ஆளை மாற்றுங்கள். குடியேறிப் புதிதாக வந்தவன், வேறு ஊரிலிருந்து காவலுக்கு அனுப்பப்பட்டவன், அல்லது கட்டின் மற்ற முனையில் நின்று விளக்கு வெளிச்சத்தில் அரைகுறையாகக் கண்டவன். ஆள் மாறினாலே பாதிப் பழுது போய்விடும்.

அதுவும் போதவில்லையென்றால் குற்றத்தை ஊருக்கு வெளியே தள்ளுங்கள். முதல் குற்றம் அதிரனை யாருக்கும் தெரியாத இடத்தில் நடக்கட்டும். நெடுங்கேணிப் பக்கம் ஒன்று, மாங்குளம் சந்தியில் ஒன்று என்று செய்தி மட்டும் ஊருக்கு வரட்டும். முதல் செய்தியில் "அவன் அப்படிச் செய்ய மாட்டான்" என்பார்கள். மூன்றாவதில் "எதுக்கும் பார்த்து இருங்கோ" என்பார்கள். குளக்கட்டு உடையும்போது ஊர் ஏற்கெனவே சாய்ந்து நிற்கும்.

இதற்கு நம் கையிலேயே நல்ல மாதிரி இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி ஆறுதல் தேடி வந்த இடம் என்று வற்றாப்பளையைச் சொல்லும் மண் இது; முல்லைத்தீவில் கோவலன் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பொய்ப்பழி எப்படி ஒட்டுகிறது என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் கோவலனைக் கள்வனாக்க மாற்று முகம் ஒன்றும் தேடவில்லை. அரசியின் சிலம்பைத் திருடியது அவனே. கோவலன் மதுரைக்குப் புதிதாக வந்தவன். அவனுக்காகப் பேச ஊரில் ஒரு ஆள் இல்லை. அரசனோ ஊடியிருந்த அரசியைச் சமாதானப்படுத்தப் போகும் அவசரத்தில் நின்றான். கோவலன் கையில் கண்ணகியின் சிலம்பு ஒன்று இருந்தது. இவ்வளவும் ஒரே நாளில் சேர்ந்ததால் பழி ஒட்டியது. காவலர்கள் கோவலனைப் பார்த்து "இவன் கள்வன் மாதிரி இல்லையே" என்று தயங்கினார்கள் என்பதையும் கவனியுங்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை வரிசையாக எடுத்துவிட்டுத்தான் அந்தத் தயக்கத்தைக் கரைக்க வேண்டியிருந்தது. கடைசியில் வாளை வீசியது குடிபோதையில் நின்ற ஒருவன். கோவலனின் சொந்த ஊரான புகாரில் இதே பழியைச் சுமத்தியிருந்தால் நின்றிருக்குமா?

உங்கள் பிரதியில் தயங்குகிற ஒரு ஆளாவது இருக்கிறாரா? இல்லையென்றால் சேருங்கள். ஊர் முழுக்க ஒரே குரலில் "கொல்லுங்கள்" என்றால் அது ஊர் இல்லை, பின்பாட்டு.

கடைசியும் செலவு கூடியதுமான திருத்தம், நாயகனுக்கு உண்மையான குறை ஒன்றை முதல் அத்தியாயத்திலேயே கொடுப்பது. தண்ணீர்ப் பங்கீட்டில் அதிரன் முன்பு ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் "இந்தக் குளமே உடைஞ்சு போகட்டும்" என்று கத்தியிருந்தால், பழி வந்து உட்கார இடம் தயார். இதைச் செய்தால் முதல் மூன்று அத்தியாயத்தையும் திரும்ப எழுத வேண்டும். எழுதுங்கள், பெறுமதி இருக்கிறது.

அறிகுறி: நாயகன் ஒரு வசனம் சொன்னால் கதை முடிந்துவிடும்

"நான் அந்த நேரம் அங்கே இல்லை, மாமா வீட்டில் நின்றேன்." முடிந்தது. மாமா வந்து ஆம் என்றால் மீதி நூறு பக்கம் எதற்கு?

சோதனை: அந்த ஒரு வசனத்தை ஒரு தாளில் எழுதுங்கள். நாயகன் அதை முதலில் யாரிடம் சொல்வான்? அந்த ஆள் என்ன செய்வார்? விடை "நம்பிவிடுவார்" என்றால் ஓட்டை அங்கேதான்.

வசனத்தைச் சொல்ல ஆளில்லை என்றால்: நாயகனைத் தனியாக்கியிருக்கிறீர்கள். தேன் எடுக்கக் காட்டுக்குள் போனான், வழியில் யானை நின்றதால் இரவு மரத்திலேயே கழிந்தது. யானை சாட்சி சொல்லாது. ஆனால் தனியாக இருந்ததற்கு ஒரு காரணம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். குற்றம் நடந்த இரவு மட்டும் தற்செயலாகத் தனியே போனான் என்றால் வாசிப்பவர் மூக்கைச் சுளிப்பார்.

ஆள் இருக்கிறார், சொல்ல முடியவில்லை என்றால்: இதுதான் எனக்குப் பிடித்த வழி. அன்றிரவு அவன் நின்ற இடத்தைச் சொன்னால் இன்னொருவர் மானம் போகும். அல்லது அவன் அங்கே செய்ததும் தப்பான வேலைதான்; தடைசெய்த காட்டில் முதிரை மரம் தறித்துக்கொண்டு நின்றான். சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் பெரிய குற்றத்திலிருந்து தப்பலாம், ஆனால் கூட நின்ற தம்பியும் மாட்டுவான். இப்போது அவன் வாயை மூடியிருப்பது வாசிப்பவருக்குப் புரியும்.

சொன்னான், நம்பவில்லை என்றால்: சாட்சி சொல்ல வந்த மாமாவின் சொல்லுக்கு ஊரில் என்ன மதிப்பு என்று பாருங்கள். கடனாளியா, குடிகாரனா, வேறு ஊரில் பெண் எடுத்தவனா? ஒரு பத்தி போதும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: சிலர் அரச சபையை விட்டுவிட்டு இன்றைய பொலிஸ், நீதிமன்றம் என்று எழுதுகிறார்கள். பொலிஸ் நிலையத்தில் கதவிடுக்கால் எட்டிப் பார்த்து "அவன்தான் சேர்" என்று கை காட்டும் காட்சி அடிக்கடி வரும். இலங்கையில் அடையாள அணிவகுப்பு நீதவான் முன்னிலையில் நடப்பது. தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒத்த பலரை வரிசையில் நிறுத்தி அவர்களுக்குள் சந்தேக நபரை அடையாளம் காட்டச் சொல்வார்கள். போலி நாயகன் கதைக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்குமா? ஆனால் விவரத்தைத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் அரை மணித்தியாலம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஊகத்தில் எழுதிய நீதிமன்றக் காட்சியைத் திருத்த முடியாது, தூக்கத்தான் வேண்டும்.

அறிகுறி: யார் செய்தது என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது

சிவந்த கண், கறுப்பு உடுப்பு, காரணமில்லாத சிரிப்பு. இவற்றை எடுங்கள். அட்டைப் படத்தில் ஒரே முகத்தை இரண்டு நிறத்தில் போட்டிருந்தால் அதையும் எடுங்கள். தலைப்பில் "இரட்டை", "நிழல்" என்று இருக்கிறதா? மாற்றுங்கள்.

அப்படியும் தெரிகிறது என்றால், குற்றம் நடக்கும் காட்சியை நேரே எழுதியிருப்பீர்கள். அந்தக் காட்சியை வெட்டி, அடுத்த நாள் காலையில் தொடங்குங்கள். உடைந்த கட்டு, சேற்றில் சாய்ந்த பயிர், கட்டோரம் கிடக்கும் அதிரனின் துவாய். அதன் பிறகு அதிரன் என்ன சொல்கிறான் என்பதை எழுதுங்கள்.

ஆனால் இது எப்போதும் பழுது அல்ல. கூத்துப் பார்க்க வரும் சனத்துக்குக் கதை முழுக்கத் தெரியும். பொற்கொல்லன் களரிக்குள் வரும்போதே கிழவிகள் திட்டத் தொடங்கிவிடுவார்கள். தெரிந்துகொண்டு பதறுவது வேறு சுகம். உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஒளிப்பது என்றால் ஒழுங்காக ஒளியுங்கள். காட்டுவது என்றால் முதல் பக்கத்திலேயே காட்டிவிட்டு, நாயகனுக்கு எப்போது தெரிய வரும் என்பதில் கதையைத் தொங்க விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிரதிகளைத்தான் காப்பாற்ற முடிவதில்லை.

அறிகுறி: போலிக்கு முகம் இருக்கிறது, ஆள் இல்லை

"அவன் கெட்டவன், அதனால் செய்தான்." சரி. அழிப்பதுதான் வேலை என்றால் எந்த முகத்தோடும் அழிக்கலாமே, அதிரனின் முகம் எதற்கு?

போலி வேடத்துக்கு நம் பழங்கதைகளில் காரணம் எப்போதும் சின்னது, கூர்மையானது. மயில்ராவணன் விபீடணனாக வந்தது அனுமனின் காவலைத் தாண்டி உள்ளே போக; அந்தக் காவல் மறிக்காத முகம் அதுதான். இந்திரன் கௌதமராக வந்தது ஒரு வீட்டுக் கதவைத் தாண்ட. மாரீசன் இராமனின் உருவத்தைக்கூட எடுக்கவில்லை, குரலை மட்டும் எடுத்தான். இலக்குவனை அங்கிருந்து கிளப்ப அது போதும். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கு ஒரு குறிப்பிட்ட சாவி.

சோதனை இதுதான்: உங்கள் போலியை வேறு ஒரு வீரனின் முகத்துக்கு மாற்றிப் பாருங்கள். கதை அப்படியே ஓடுகிறதா? ஓடினால் காரணம் இல்லை என்று அர்த்தம். அதிரனுக்கு மட்டும் திறக்கும் கதவு ஒன்றைக் கண்டுபிடியுங்கள். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுச் சாவி அவன் குடும்பத்திடம் இருக்கிறது, அரசனின் மகள் அவனை மட்டும் நம்புகிறாள், எதிரி நாட்டில் அவனுக்கு மட்டும் வழி விடுவார்கள், ஏதோ ஒன்று.

அறிகுறி: வாசித்தவர் கோபப்படுகிறார், அல்லது ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகிறார்

இந்த அறிகுறியை அவசரமாகக் கடக்க வேண்டாம். வேறு ஊரில் எழுதுகிறவர்களுக்கு இது அவ்வளவாக வராது.

கோபம் என்றால் முதலில் பெயரைப் பாருங்கள். கற்பனை வீரனுக்குப் பண்டாரவன்னியன் என்று பெயர் வைத்து, அவனைப்போல ஒருவன் சொந்தச் சனத்தையே கொல்வதாக எழுதிய பிரதிகள் வந்திருக்கின்றன. எழுதியவருக்கு அது வெறும் வீரமான பெயர். வாசிப்பவருக்கு அவன் 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தவன். அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்று பொறித்த கல் வைத்த இடம் கற்சிலைமடு. அவனைக் காட்டிக்கொடுத்தவனாக நாடகங்களில் வரும் காக்கை வன்னியனுக்கே இன்றைக்கும் ஏச்சு விழுகிறது. செய்தது போலிதான் என்று கடைசி அத்தியாயத்தில் சொல்லி என்ன பயன்? அது வரைக்கும் யார் வாசிப்பார்? பெயரை மாற்றுங்கள். இடப்பெயரும் அப்படித்தான், குளத்துக்கும் ஊருக்கும் நீங்களே பெயர் வையுங்கள். மண், மரம், வெயில், தண்ணீர் ஆகியவை வன்னியாக இருந்தால் போதும், வாசிப்பவர் தானே கண்டுபிடிப்பார்.

கோபம் இல்லை, பேச்சு நின்றுவிட்டது என்றால் குற்றத்தைப் பாருங்கள். எரியும் ஊர், பதுங்கிய இடத்திலேயே செத்த குடும்பம், வரிசையில் நிறுத்தி ஆள் பிரிப்பது. வேறெங்கோ இருந்து வாசிப்பவருக்கு இவை மாயாஜாலக் கதையின் வழக்கமான கொடுமைகள். இங்கே வாசிப்பவருக்கு அவை 2009. அடையாளம் காட்டும் காட்சியும் அப்படித்தான். முகத்தை மூடிக்கொண்டு தலையசைவால் ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டிகளைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. செய்யாத குற்றத்துக்கு அந்த ஒரு தலையசைவில் போன பிள்ளையின் தாய் உங்கள் வாசகராக இருக்கலாம்.

இதனால் எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதத்தான் வேண்டும். ஆனால் தெரிந்து எழுத வேண்டும். எளிய திருத்தம், எண்ணிக்கையைக் குறைப்பது: நூறு பேர் செத்தார்கள் என்பதைவிட ஒரு வீட்டுக் கிணற்றில் நஞ்சு கலந்தான் என்பது கதைக்கும் பலம், வாசிப்பவருக்கும் மூச்சுவிட இடம். அடுத்தது, கொடுமையை வேறு உருவத்துக்கு மாற்றுவது. குளக்கட்டை வெட்டுவது என்று நான் உதாரணம் எடுத்ததும் இதனால்தான். வயலையும் மாட்டையும் நம்பி வாழும் ஊரில் அதைவிடப் பெரிய துரோகம் எதுவென்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அது ஷெல் அல்ல.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: எழுதியது சின்னப்பிள்ளை, நாயகன் மீது விழும் பழி அவன் வீட்டில் நடந்ததாகவே தெரிகிறது, போலி செய்யும் ஒவ்வொரு குற்றத்திலும் கற்பனைக்குத் தேவையில்லாத துல்லியம் இருக்கிறது என்றால், அதற்கு மேல் பிரதியைத் திருத்தாதீர்கள். சிவப்புப் பேனையை வைத்துவிடுங்கள். "இதை மேலே எழுத விருப்பமா, இல்லை கதைக்க விருப்பமா?" என்று மட்டும் கேளுங்கள். பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரிடம், அல்லது உளவளத்துணையாளர் ஒருவரிடம் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. கதை பிறகு முடியலாம், முடியாமலும் போகலாம்.

அறிகுறி: இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது சபை சிரிக்கிறது

"நான்தான் உண்மையான அதிரன்!" "இல்லை, நான்தான்!" இந்த இரண்டு வசனமும் உங்கள் பிரதியில் இருந்தால் வேறு சோதனை தேவையில்லை. வெட்டுங்கள்.

வெட்டியும் சிரிக்கிறார்கள் என்றால் அடையாளம் காணும் வழியைப் பாருங்கள். "என் அம்மாவின் செல்லப்பெயர் என்ன?" என்று கேட்டு முடிக்கும் வழி தேய்ந்துபோனது. வாலியும் சுக்கிரீவனும் சண்டையிடும்போது இராமனுக்கே யார் எவரென்று தெரியவில்லை; முதல் தடவை சுக்கிரீவன் அடி வாங்கிக்கொண்டு வந்த பிறகு, கொடியொன்றை மாலையாகப் போட்டு அனுப்பினார்கள். அடையாளம் போடாமல் அனுப்பியதன் விலையைச் சுக்கிரீவன் உடம்பால் கொடுத்துவிட்டான், அதனால் சபை சிரிக்காது. தமயந்தியின் சுயம்வரத்தில் நளன் உருவில் தேவர்கள் வந்து உட்கார்ந்தபோது அவள் ஒருவரையும் கேள்வி கேட்கவில்லை. கண் இமைக்கிறதா, உடம்பு வேர்க்கிறதா, மாலை வாடுகிறதா, கால் நிலத்தில் படுகிறதா என்று பார்த்தாள். குறைகள் உள்ளவன்தான் அவளுடைய நளன். நம் கதைகளில் இதைவிட நல்ல சோதனை நான் காணவில்லை. உங்கள் போலி எல்லாவற்றிலும் அதிரனைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்கிறானா? அங்கே பிடியுங்கள்.

எந்தச் சான்றை வைத்தாலும் அதை முன்பே விதைத்திருக்க வேண்டும். கண்ணகி சிலம்பை உடைத்தபோது உள்ளே மாணிக்கம் இருந்தது, அரசியின் சிலம்பில் முத்து. சிலம்பு வெளியிலே ஒரே மாதிரி இருந்ததால்தான் உள்ளே இருந்தது வெடித்தது.

மேடையில் என்றால் இன்னொரு சிக்கல். இரண்டு பேரை ஒரே மாதிரி உடுப்பாட்டி நிறுத்தினால், ஒருவன் அரை அடி உயரமாக இருப்பான், சபை அதைத்தான் பார்க்கும். ஒரே நடிகன் இரண்டு வேடம் என்றால் உடுப்பு மாற்ற நேரம் இல்லை. காசில்லாத வழி, இருவரையும் ஒரே நேரத்தில் காட்டாமல் விடுவது. ஒருவன் போன பிறகு மற்றவன் வருகிறான், நடுவில் ஊர்க்காரன் ஒருவன் இரண்டு பேரோடும் கதைக்கிறான். முகமூடி செய்து இருவருக்கும் போடுவது அடுத்த வழி. அப்போது ஆளை உடல்மொழியால்தான் காட்ட வேண்டும், ஒத்திகை கூடத் தேவைப்படும்.

கூத்தாகப் போடுகிறீர்கள் என்றால் பாட்டிலேயே மருந்து இருக்கிறது. பாத்திரம் களரிக்கு வரும்போது வரவுப் பாட்டு அவன் யாரென்று சொல்லிவிடும். போலி வரும்போது என்ன பாடுவது? அவனுடைய உண்மைப் பெயரைப் பாடினால் கதை உடைந்தது. அதிரனின் வரவையே திரும்பப் பாடுங்கள், பக்கப்பாட்டுக்காரரும் ஏமாந்தவர்களாக. பாட்டு அதே, சொல் அதே. மத்தளம் மட்டும் ஒரு இடத்தில் அரை மாத்திரை பிந்தட்டும். முன்வரிசையில் இருக்கும் பழைய ஆட்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். இதை எந்த இடத்தில் செய்வது என்று கூத்துப் பழக்கும் ஊர் அண்ணாவியாரிடம் கேளுங்கள், நீங்களாகச் செய்யாதீர்கள். தாளம் தெரியாமல் பிந்தவிட்டால் மத்தளகாரருக்குத்தான் ஏச்சு விழும். வாள்ச் சண்டையும் அப்படியே. தகரவாள் என்றாலும் கண்ணில் பட்டால் பட்டதுதான். பழக்கத் தெரிந்தவர் இல்லாமல் வைக்க வேண்டாம்.

அறிகுறி: உண்மை தெரிந்த பிறகு கதை செத்துவிடுகிறது

போலி பிடிபடுகிறான், ஊர் மாலை போடுகிறது, சுபம். வாசிப்பவருக்கு ஏதோ குறைகிறது, என்னவென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

காவல்காரனைப் பாருங்கள். "அவன்தான்" என்று கை காட்டியவன் கடைசி அத்தியாயத்தில் எங்கே? பெரும்பாலான பிரதிகளில் அவன் காணாமல் போயிருப்பான். அவனைக் கூட்டிவந்து அதிரனின் படலையில் நிறுத்துங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றில்லை. ஒரு மூட்டை நெல்லோடு வரலாம், ஒன்றும் சொல்லாமல் வேலி அடைத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம், வராமலே விடலாம்; வராததை அதிரன் கவனிக்க வேண்டும்.

அது இருக்கிறது என்றால் அதிகாரத்தைப் பாருங்கள். தண்டனை கொடுத்த அரசன் என்ன ஆனான்? தன் தீர்ப்பு பிழையென்று தெரிந்த நொடியில் பாண்டியன் அரியணையிலேயே உயிர் விட்டான். உங்கள் அரசன் "பிழை நடந்துவிட்டது" என்று சிரித்துக்கொண்டு விருந்து வைத்தால் கதை அங்கேதான் செத்தது. அவனைக் கொல்ல வேண்டாம், ஏதாவது ஒன்றை இழக்க வையுங்கள்.

இன்னும் நம்பாத ஒருவரையும் ஊரில் விட்டுவையுங்கள். எவ்வளவு சான்று காட்டினாலும் "நெருப்பில்லாமல் புகையுமோ" என்று சொல்லும் ஒரு பெரியம்மா எல்லா ஊரிலும் உண்டு.

இவ்வளவும் செய்து முடிவு இன்னும் சவசவ என்று இருந்தால், கடைசி அத்தியாயத்தை முழுக்க எடுத்துவிட்டு முந்திய அத்தியாயத்தோடு வாசித்துப் பாருங்கள். நிறையப் பிரதிகளுக்கு அதுவே போதுமாக இருக்கிறது. அப்படியும் நிற்கவில்லையென்றால் பழுது முடிவில் இல்லை. கொப்பியில் எழுதிய மூன்று விடையில் ஒன்று பொய். பெரும்பாலும் இரண்டாவது.